கல்வெட்டுக்குள் புகுந்த அச்சுக்காரர்

ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு வெனிஸ்காரர் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்துகொண்டிருந்தார். அவரைக் கூட்டிவந்தவர் என் கணவரின் தம்பி, எனக்கு மச்சான். ஊரில் சரித்திரம் படிப்பித்தவர். லண்டனுக்கு வந்து கவுன்சிலில் ஏதோ மேசை வேலை பார்த்து பென்ஷன் எடுத்தவர். கலியாணம் கட்டவில்லை. அதனால் ஞாயிறு மத்தியானம் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அந்த வெனிஸ்காரர் பழைய காலத்து அச்சுக்காரராம், பெரிய அறிவாளியாம். மச்சான் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கி, அது வளர்ந்து வளர்ந்து, கடைசியில் கட்டுரை என்றும் சொல்ல முடியாமல் புத்தகம் என்றும் சொல்ல முடியாமல் ஒரு சாமானாக நின்றது.

மச்சான் ஒருமுறை கோச் பஸ்சில் வெனிசுக்குப் போய்வந்தார். அச்சுக்கூடம் இருந்ததாகச் சொல்லும் வீட்டின் கதவைத் தொட்டுப் பார்த்ததாகக் கண்கலங்கச் சொன்னார். என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "திறந்தவையோ?" என்று கேட்டார். திறக்கவில்லையாம்.

என் கணவர் அந்தப் பேச்சுக்கெல்லாம் சொன்னது ஒரே ஒரு சொல்தான். "பிறகு?" அதைச் சொல்லிவிட்டு மீன் முள்ளை எடுப்பார். மச்சானுக்கு அது போதும். பிறகு, பிறகு என்று கிரேக்க நாட்டிலிருந்து அகதியாக வந்த படிப்பாளிகள், அவர்களை வைத்து அச்சடித்த பழைய நூல்கள், கையில் அடங்கும் சின்னப் புத்தகம், சரிந்த எழுத்து என்று தேத்தண்ணீர் வரை இழுப்பார். சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார். "மச்சாள், இண்டைக்கு உப்புக் கொஞ்சம் தூக்கல்." மூன்றாம் முறை போட்டுச் சாப்பிட்ட பிறகு சொல்வார்.

அந்தக் கட்டுரையை யாரும் அச்சடிக்கவில்லை. சென்னைக்கு அனுப்பினார், பாரிசுக்கு அனுப்பினார், கனடாவுக்கு அனுப்பினார். ஒருவர் நீளம் கூடிவிட்டது என்றாராம், மற்றவர்கள் அதுகூடச் சொல்லவில்லை. ஹாரோவில் ஒரு மண்டபத்தில் அதைப் பற்றிப் பேசினார். வந்தவர்களில் பாதிப்பேர் அடுத்து நடக்கவிருந்த யோகாவுக்கு இடம்பிடிக்க வந்தவர்கள். இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆம்பிளைகளுக்கு வயது போனால் ஏதாவது ஒன்று பிடிக்கும். சிலருக்குச் சீட்டு, சிலருக்குக் கோயில் நிர்வாகம். இவருக்கு வெனிஸ் என்று விட்டுவிட்டேன்.

மாசி மாதத்தில் என் கணவர் போய்விட்டார். நெஞ்சு எரியுது என்றார், தண்ணீர் கேட்டார். நான் கொண்டுவந்தபோது அவருக்குத் தண்ணீர் தேவைப்படவில்லை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஏலாது.

எங்கள் ஆட்களுக்கு முப்பத்தோராம் நாள் கிரியை என்றால் கல்வெட்டு வேண்டும். கல்லும் கிடையாது, வெட்டும் கிடையாது. செத்தவரின் படம் போட்ட சின்னப் புத்தகம், அவ்வளவுதான். உள்ளே பிறந்தது, படித்தது, கட்டினது, பெற்றது, பிறகு தேவாரம், கடைசியில் நன்றி. மத்தியானச் சாப்பாடு முடிந்து போகிறவர்கள் கையில் ஆளுக்கொன்று கொடுப்போம். யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. குப்பையில் போடுவதும் இல்லை, செத்தவரின் முகம் இருக்கிறதே, எப்படிப் போடுவது? அதனால் லண்டனில் தமிழர் வீட்டு அலுமாரிகளில் இந்தப் புத்தகங்கள் அடுக்கடுக்காக இருக்கும். தேடிப்போய் வாங்காமல், கேட்டும் பெறாமல், ஆனால் கட்டாயம் வீட்டுக்குள் வரும் தமிழ்ப் புத்தகம் இது ஒன்றுதான். இதை என்னைவிட என் மச்சான் நன்றாக யோசித்து வைத்திருந்தார்.

காடாற்றுக் கிரியை முடிந்த கையோடு அவர் எழும்பி, "கல்வெட்டு என்ர பொறுப்பு. அண்ணைக்கு நான் செய்யாமல் ஆர் செய்யிறது?" என்றார். இருந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. அந்தப் புத்தகத்தைத் திறந்தால் அதற்குள் என் கணவர் இருக்கவேண்டும். 'அன்பின் சிகரம், பண்பின் உறைவிடம்' என்று எல்லாருக்கும் போடுவார்களே, மனைவியை அடித்தவனுக்கும் அதுதான், அடிவாங்கினவளுக்கும் அதுதான். அது வேண்டாம். அவரைத் தெரியாத ஒரு ஆள் வாசித்தாலும், சரி, இப்படி ஒரு மனிசன் இருந்திருக்கிறான் என்று தெரியவேண்டும். நான் ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவள். போன் அடித்தால் மகளிடம் கொடுத்துவிடுவேன். என்றாலும் மச்சானைக் குசினிக்குள் கூப்பிட்டு, அவரைப் பற்றி நாலைந்து விஷயம் சொன்னேன். மச்சான் போனைத் தடவிக்கொண்டு, "ஓம் ஓம், அதெல்லாம் வரும்" என்றார்.

கொஞ்ச நாளில் புத்தகத்தின் மாதிரி மகளின் போனுக்கு வந்தது. மகள் இங்கே பிறந்தவள், எங்களுக்கு ஒரே பிள்ளை. தமிழ் கதைப்பாள், வாசிக்கத் தெரியாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு விட்டோம். அங்கே பரதநாட்டியம் பழகிக்கொண்டு வந்தாள்.

"அப்பாட படம் நல்ல வடிவா வந்திருக்கு அம்மா. பார்த்தீங்களா? நான் ஓகே சொல்லிட்டன்."

"வாசிச்சுப் பாக்காமலோ?"

"சித்தப்பா எழுதினது தானே. உள்ளுக்கு ஒரு பக்கம் அப்பா, மிச்சம் எல்லாம் தேவாரம்."

நானும் விட்டுவிட்டேன். ஆனால் பிறகு அவள் வேலைத்தலத்தில் அதைப் பெரிய தாளில் எடுத்து எனக்குக் கொண்டுவந்து தந்தாள், சும்மா வைத்துக்கொள்ள. அவள் போனபிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. வாசிக்கும்போது வாய் அசையும், விரல் வரியோடு போகும். அதனால் என் கண்ணுக்குத் தப்பி ஒரு சொல்லும் போகாது, மெதுவாகப் போகிறவளுக்கு எல்லாம் தெரியும். முதல் பக்கம் அவர். எந்த ஊரில் பிறந்தார், யாரின் மகன், எந்த வருடம் லண்டன் வந்தார், யாரைக் கட்டினார். அதற்குக் கீழே, 'இம்மலரில் இடம்பெறும் ஆய்வின் ஆசிரியரது மூத்த சகோதரருமாவார்'. அதோடு அவர் முடிந்துவிட்டார். அடுத்த பக்கத்தைத் திருப்பினால் வெனிஸ்.

தேவாரம் அல்ல. முழுப் புத்தகமும் வெனிஸ். எழுத்தெல்லாம் காற்றில் வாழை சாய்ந்தமாதிரி ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. அதைப் பார்த்துத்தான் என் பிள்ளை பாட்டு என்று நினைத்திருக்கிறாள். தேவாரம் என்று பேருக்கு ஒரு பாட்டு, கடைசிக்கு முந்தின பக்கத்தில், நெருக்கித் தள்ளிச் சின்ன எழுத்தில்.

கோபம் வந்தது. என்றாலும் தொடங்கினதை வாசித்து முடிப்போம் என்று வாசித்தேன். வாசிக்க வாசிக்க அந்த வெனிஸ்காரர் மேலும் எனக்கு வெறுப்பு வந்தது. மச்சான் அவரை மானுடவாதி, மானுடவாதி என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருந்தார். அந்த மானுடவாதி தன் வீட்டுக் கதவில் ஒரு பலகை தொங்கவிட்டிருந்தாராம். வருகிறவர் யாராக இருந்தாலும் வந்த காரியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு உடனே போகவேண்டும், வேலைக்குத் தோள்கொடுக்க வந்தவர் என்றால் மட்டும் நிற்கலாம். இதை மச்சான் ஒரு பெருமையாக எழுதியிருக்கிறார். எங்கள் தெருவில் ஒருவன் கதவில் இப்படித் தொங்கவிட்டால் அவன் வீட்டில் சாவு விழுந்தாலும் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

அந்தச் சரிந்த எழுத்தை வெட்டினது அவர் இல்லையாம், வேறொரு கைவேலைக்காரர். பேர் வந்தது அச்சுக்காரருக்கு. வெட்டினவர் கோபித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். அந்த மனிசனுக்கு மச்சான் கொடுத்தது ஒரு வரி. அச்சுக்காரர் நன்றாக வயது போனபிறகு தன் தொழில் கூட்டாளியின் மகளைக் கட்டினார், அவள் சின்னப் பெட்டை. அவளுக்கும் ஒரு வரி. அந்த வீட்டில் வேலைக்காரரும் படிப்பாளிகளுமாக ஒரு பட்டாளமே தங்கிச் சாப்பிட்டிருக்கிறது. யார் சமைத்தார்கள், யார் கோப்பை கழுவினார்கள் என்று மச்சானுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றவில்லை.

ஆனால் ஒரு விருந்தாளிக்கு ஒன்றரைப் பக்கம். வெளிநாட்டிலிருந்து வந்த பெரிய படிப்பாளியாம். அந்த வீட்டில் மாதக்கணக்கில் தங்கித் தன்னுடைய பெரிய புத்தகத்தை எழுதி அங்கேயே அச்சடித்துக்கொண்டு போனார். பிறகு அந்த வீட்டுச் சாப்பாட்டைப் பற்றிக் கேவலமாக எழுதினாராம், வைனில் தண்ணீராம், சூப்பில் ஒன்றும் இல்லையாம். மச்சான் அதை ரசித்து ரசித்து எழுதியிருந்தார். ரசிக்காமல் என்ன செய்வார்? தன் சாதிக்காரனைக் கண்டுபிடித்துவிட்டாரே. மாதக்கணக்கில் தின்றவனுக்கு எழும்பிப் போகக் கால் இருக்கவில்லை, எழுதக் கை மட்டும் இருந்திருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் அச்சுக்காரர் செத்துப்போகிறார். கோயிலில் அவரின் பெட்டியைச் சுற்றி அவர் அச்சடித்த புத்தகங்களை அடுக்கிவைத்தார்களாம். 'என்னே மாண்பு!' என்று மச்சான் முடித்திருந்தார். நான் தாளை மடித்து வைத்தேன். என் கணவரின் சாவீட்டுப் புத்தகத்தில் வேறொருவரின் சாவு நடந்து முடிந்திருந்தது.

மகள் வந்ததும் சொன்னேன். முதலில் அவள் நம்பவில்லை.

"அப்ப இது தேவாரம் இல்லையா?"

"இல்லைப் பிள்ளை. இது ஒரு இத்தாலிக்காரன்."

"எவ்வளவு தூரத்துக்கு?"

"முழுக்க."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

அந்த ஞாயிறு மச்சான் வழக்கம்போலச் சாப்பிட வந்தார். துடக்கு வீடு, மரக்கறிதான். கத்தரிக்காயைப் போட்டுக்கொண்டே, "மாதிரி பாத்தனீங்களோ மச்சாள்? எப்பிடி?" என்று கேட்டார்.

மகள்தான் கேட்டாள்.

"சித்தப்பா, அந்த ஆள் அப்பாவுக்கு என்ன முறை?"

"எந்த ஆள்?"

"புத்தகம் முழுக்க இருக்கிறாரே, அவர்."

மச்சான் கரண்டியை வைத்தார். "இஞ்ச பார் பிள்ளை. கல்வெட்டை ஆர் வாசிக்கினம்? படத்தைப் பாத்திட்டு மூடி வைக்கினம். இப்பிடி ஒரு அறிவான விசயத்தைப் போட்டால் வைச்சு வாசிப்பினம், பிள்ளையளுக்குக் காட்டுவினம். ஐரோப்பாவில புத்தகம் எண்ட ஒண்டு எப்பிடி ஏழை எளியதுகளின்ர கைக்கு வந்தது எண்டு தமிழில இவ்வளவு விரிவா ஒருத்தரும் எழுதேல்லை. இது அண்ணைக்கு நான் செய்யிற மரியாதை."

"ஆனா அப்பா அதில இல்லையே."

"முதல் பக்கத்தில இருக்கிறார் தானே. அண்ணையைப் பற்றி வேற என்னத்தை எழுதுறது? லொறி ஓடினவர், அரிசி இறக்கினவர். நல்ல மனிசன். அதை ஒரு பக்கத்தில சொல்லியாச்சு. அதோட, இது அண்ணைக்குப் பிடிச்ச விசயம். ஒவ்வொரு ஞாயிறும் ஆசையோட கேட்டவர். மச்சாளைக் கேள்."

"அவர் நித்திரை கொண்டவர்," என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. மகள் தேத்தண்ணீர் புரைக்கேறி இருமினாள். மச்சானுக்கு முகம் கறுத்தது. "மச்சாள், உங்களுக்கு இது விளங்காது," என்றார். பிறகு, "இனி மாத்தேலாது. பிறின்ற் பண்ணுறவனிட்டச் சொல்லியாச்சு, என்னைத் தவிர ஆரும் கை வைக்கக்கூடாது எண்டு," என்றார். பிறகு கத்தரிக்காய் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். நான் போட்டேன். போட்ட கை என்னுடையதுதான், அந்தக் கையையும் சேர்த்துத்தான் வெறுத்தேன்.

அடுத்த நாள் மகள் வேலைக்கு லீவு போட்டாள். அச்சுக்கடை குட்மேய்சில். எங்கள் பக்கத்திலேயே இரண்டு மூன்று கடை இருக்க, மச்சான் லண்டனின் அந்தக் கரைக்கு ஏன் போனார் என்று எனக்கு விளங்கவில்லை. போன பிறகுதான் விளங்கியது. நடுவில் ட்ரெயின் மாறவேண்டும். அந்தப் பெரிய ஸ்டேஷனில் நகரும் படிக்கட்டில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் கல்படியைத் தேடினேன், பழக்கதோஷம். என் கணவர் ஒருநாளும் நகரும் படிக்கட்டில் ஏறினவர் இல்லை. பயம். அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறுகிற மனிசன், அந்தப் படியைக் கண்டால் பசுமாடு மாதிரி காலை ஊன்றிக்கொண்டு நிற்பார். கல்படி எங்கே என்று தேடி, மூச்சு வாங்க ஏறி வந்து, "உடம்புக்கு நல்லது" என்பார்.

அச்சுக்கடை ஒரு சின்னக் கடை. சுவர் முழுக்கக் கலியாணக் கார்டு, சாமத்தியக் கார்டு, பிறந்தநாள் கார்டு. கல்வெட்டுகளை மட்டும் கண்ணில் படாமல் மேசைக்குக் கீழே வைத்திருந்தார். கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும், எங்கள் ஊர்ப்பக்கத்துப் பேச்சு. மகள் விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையில் கைவைத்தார்.

"ஐயோ, உவரோ! தங்கச்சி, உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும். மூண்டு நாள் எனக்குப் பின்னால நிண்டவர். எல்லா எழுத்தையும் சரிச்சுப் போடு எண்டார். தமிழைச் சரிச்சால் குடிவெறிகாரன் மாதிரி நிக்கும் ஐயா எண்டன். கேக்கேல்லை. ஹாரோவில இருக்கிற கடைக்காரர் ஏலாது எண்டு அனுப்பிப்போட்டினமாம், அதுதான் இஞ்ச வந்தவர். பின்னட்டையில ஒரு மீனும் நங்கூரமும் போடச் சொன்னார். நான் அங்கிள் கப்பலில வேலை செய்தவராக்கும் எண்டு நினைச்சன்."

"அது அந்த இத்தாலிக்காரரின்ர முத்திரை," என்றேன். வாசித்தவள் நான்தானே.

"அன்ரி, செத்தவர் ஆர் எண்டு எனக்கே குழம்பிப் போச்சு."

நான் மகளைப் பார்த்தேன், மகள் என்னைப் பார்த்தாள். வெனிஸ் முழுவதையும் எடுத்துவிடும்படி சொன்னாள். மீனையும். "மனிசியும் பிள்ளையும் சொன்னால் பிறகு உவற்ற சொல்லை ஆர் கேக்கிறது?" என்று கடைக்காரர் கம்பியூட்டரில் எடுத்தார். எடுக்க ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. மச்சானின் அத்தனை வருட வேலை, ஒரு தட்டு.

"இப்ப ஒரு சிக்கல் இருக்கு. நடுவில பின் அடிக்கிற புத்தகம், நாலு நாலு பக்கமாத்தான் கூடும் குறையும். இப்ப மூண்டு பக்கம் வெறுமையா நிக்குது. தேவாரம் போட்டு நிரப்புவமோ? எல்லாரும் அதுதான் செய்யிறவை."

"அம்மா சொல்லட்டும்," என்றாள் மகள். "அம்மா, அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ. இவர் கம்பியூட்டரில அடிப்பார்."

அந்நிய ஆம்பிளை ஒருவருக்கு முன்னால் இருந்து என் புருஷனைப் பற்றிச் சொல்வதா? எனக்குக் காது சுட்டது. மூன்று பக்கம் அந்த வெள்ளைத் திரையில் வெறுமையாக நின்றது. மச்சானுக்கு அந்த வெனிஸ்காரரைப் பற்றிச் சொல்ல எவ்வளவு இருந்தது! நான் என் கணவரோடு நாற்பது வருடத்துக்கு மேல் குடும்பம் நடத்தினவள், வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. மச்சானை மனசுக்குள் ஏசினதையெல்லாம் அந்த நேரம் என்மேலேயே திருப்பிச் சொல்லிக்கொண்டேன். கடைசியில் கதிரையைத் திருப்பிப் போட்டு, கடைக்காரருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரில் இருந்த யானைபோட்ட கலியாணக் கார்டைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினேன்.

"அவருக்கு நகரும் படிக்கட்டுக்குப் பயம்."

பின்னால் தட்டுகிற சத்தம் கேட்டது. நின்றது. "அன்ரி, 'அன்னார்' எண்டு போடவோ?"

"வேண்டாம். அவரை நான் ஒருநாளும் அன்னார் எண்டு கூப்பிட்டதில்லை."

தட்டுகிற சத்தம் திரும்பத் தொடங்கியது. நான் சொன்னேன். ஈலிங் அம்மன் கோயிலில் தேவாரம் பாடும்போது அவர் சுருதி இல்லாமல் உரக்கப் பாடுவார், பக்கத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போவார்கள், அம்மன் எங்கும் போகவில்லை என்பார். தேர்த்திருவிழாச் சாப்பாட்டுக்குக் காய்கறி வெட்டும் கத்தியை வேறொருவருக்கும் கொடுக்கமாட்டார். பிள்ளையிடம் சீட்டில் தோற்கத் தெரியாத மனிசன், ஏழு வயதுப் பிள்ளையை ஏமாற்றி வென்றுவிட்டுப் பெருமையாகத் தேத்தண்ணீர் கேட்பார். ("ஓம், ஓம்!" என்று மகள் கத்தினாள்.) வீட்டுக்குப் பின்னால் பாகல் நட்டு, அணிலோடு தகராறு பட்டு, அணிலுக்குத் தமிழில் ஏசுவார். கடைகளுக்கு அரிசி இறக்கும்போது மாடியில் இருக்கிற கிழடுகளுக்கும் ஒரு சின்னப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுவார், அது முதலாளிக்குத் தெரியாது.

பிறகு இதையும் சொன்னேன். நான் லண்டனுக்கு வந்த புதிதில் ஒருவரோடும் கதைக்கமாட்டேன். அவர் என்னைப் பாண் வாங்கக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஊமை மாதிரிப் பக்கத்தில் நின்றார். நான் வாய் திறந்து கேட்கட்டும் என்று. நானும் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை. கடைக்காரி எங்கள் இரண்டுபேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பாண் இல்லாமல் வீட்டுக்கு வந்து ரொட்டி சுட்டோம். அடுத்த நாளும் கூட்டிக்கொண்டு போனார்.

தட்டுகிற சத்தம் நின்று கொஞ்ச நேரமாகியிருந்தது. திரும்பிப் பார்த்தேன். கடைக்காரர் திரையைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சினார். மூன்றாவது பக்கத்தில் கொஞ்ச இடம் மிஞ்சியிருந்தது. "பூ ஒண்டு போடவோ அன்ரி?" என்றார். வேண்டாம் என்றேன். எழுத்தை நிமிர்த்திப் போடச் சொன்னேன், பெரிதாக.

முப்பத்தோராம் நாள் ஹாரோ மண்டபத்தில் மச்சான் பட்டு வேட்டியோடு வாசலில் நின்றார். புத்தகப் பெட்டியைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் கையிலும் தானே கொடுத்தார். "நல்லா வாசிச்சுப் பாருங்கோ. ஆறுதலா ஒரு போன் எடுங்கோ," என்று எல்லாருக்கும் சொன்னார். தான் பார்த்து முடித்த புத்தகம்தானே என்று அவர் உள்ளே திறந்து பார்க்கவில்லை. நான் சோற்றுக் கிடாரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் திறக்காமல் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டால்? மச்சான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.

யாரோ சிரித்தார்கள். சாவீட்டில் யார் சிரிப்பது என்று எல்லாரும் திரும்பினார்கள். என் கணவரோடு லொறியில் ஓடின ஒரு கிழவர் கதவடியில் நின்று புத்தகத்தை விரித்துப் பிடித்திருந்தார். "படிக்கட்டு! ஓமடா, படிக்கட்டு! எனக்கு முழங்கால் வருத்தம் எண்டெல்லோ சொன்னவன்!" பக்கத்தில் நின்றவர் தன் கையிலிருந்ததைத் திறந்தார். அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணும் திறந்தாள். கொஞ்ச நேரத்தில் சப்பாத்து மாட்டப் போனவர்கள் ஒற்றைக் காலில் சப்பாத்தோடு நின்று வாசித்தார்கள். கோயிலில் விலகிப்போன ஒருவர், "அது நான்தான்," என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மச்சான் ஒரு புத்தகத்தை எடுத்தார். முன்னிருந்து பின், பின்னிருந்து முன் என்று புரட்டினார். பின்னட்டையைப் பார்த்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"என்ன செய்து போட்டியள் மச்சாள்? அண்ணையைக் கோமாளியாக்கிப் போட்டியள். அணிலுக்கு ஏசினாராம்! இதுவோ ஒரு மனிசனின்ர வரலாறு?"

நான் கையிலிருந்த அகப்பையால் சோற்றைக் கிளறினேன்.

"படிக்கட்டுக்குப் பயமாம்," என்று அவர் திரும்பச் சொன்னார். குரல் கொஞ்சம் இறங்கியது. "எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே."

என் கணவர் எப்படிச் சொல்வார்? ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மேசையில் அவருக்குக் கிடைத்தது "பிறகு?" என்ற ஒரு சொல்தானே. ஆனால் மச்சான் முகத்தில் அந்த நேரம் தெரிந்ததைத் துக்கம் என்று நினைத்து நான் ஏமாறவில்லை. அடுத்த நிமிடமே, "என்ர கட்டுரையை அந்தக் கடைக்காரன் அழிச்சுப் போட்டானோ?" என்று கேட்டார். கடைக்காரரின் கம்பியூட்டரில் இருக்கும் என்றேன். மூச்சு விட்டார். பிறகு சாப்பிட உட்கார்ந்தார். பருப்பில் உப்புக் குறைவு என்றார்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வருவதில்லை. வேம்பிளியில் தூரத்து உறவுக்காரர் ஒருவரின் வீட்டுக்குப் போய்வருகிறார் என்று மகள் சொன்னாள். அந்த மனிசனுக்கு நெஞ்சு வருத்தம், ஆஸ்பத்திரியும் வீடுமாக இருக்கிறார். மச்சான் பழம் வாங்கிக்கொண்டு போகிறாராம், பக்கத்தில் இருந்து கதைக்கிறாராம், பிள்ளைகளிடம் எல்லா உதவியும் செய்வேன் என்று சொல்லியிருக்கிறாராம். எவ்வளவு நல்லவர் என்று அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோஷம். அந்தப் பிள்ளைகளும் இங்கே பிறந்ததுகள்தான், தமிழ் வாசிக்கத் தெரியாது.

அந்த மனிசனின் மனைவிக்கு ஒரு போன் எடுப்போமா என்று யோசித்தேன். நம்பரை மகளிடம் வாங்கிக்கூட வைத்தேன். ஆனால் என்ன சொல்வது? உயிரோடு இருக்கிற ஒருவரின் கல்வெட்டைப் பற்றி அவரின் பெண்சாதியிடம் எப்படிக் கதைப்பது? கூச்சமில்லாதவளுக்கே ஏலாத காரியம்.

அதனால் வெள்ளிக்கிழமை ஈலிங் கோயிலுக்குப் போய், அந்த வேம்பிளி மனிசனின் பேரில் ஒரு அர்ச்சனை செய்வித்தேன். ஐயர் நட்சத்திரம் கேட்டார். தெரியாது என்றேன். என்ன வேண்டுதல் என்று கேட்டார். நீண்ட ஆயுள் என்று, அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நானே வாய் திறந்து சொன்னேன்.